சொந்தத் திடலில் ஒரு வெற்றி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளாதாரம்)

ஆண்டு மலரில் விளையாட்டுப் பக்கம் என்றாலே நம் நினைவுக்கு வருவது ஒரு புகைப்படம். கோப்பையை நடுவில் வைத்து, உடற்கல்வி இயக்குநரை நாற்காலியில் அமர்த்தி, ஆட்டக்காரர்கள் கைகட்டி நிற்பார்கள். அதன்கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள் இருக்கும். அந்தப் பக்கத்தை இம்மலரில் வேறோர் இடத்தில் காண்க. ஆட்டம் முடிந்தபின் ஓயாமல் பேசுகிறார்களே, அந்த ரசிகர்களைப் பற்றியே நான் எழுத விழைகிறேன்.

நம் விடுதியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தைப் பின்தொடரும் நண்பர்கள் சிலர் உண்டு. அங்கே இரவு என்றால் நமக்குக் காலை. இளைஞர்கள் நிறைந்த அணி ஒன்று தன் சொந்தத் திடலில் ஒரு பெரிய அணியை வீழ்த்திவிட்டால் போதும், அன்று உணவுக்கூடத்தில் இட்லி ஆறிவிடும். "பையனுக்கு வயசு இருபத்தொண்ணுதாண்டா! இன்னும் மூணு வருஷம் போகட்டும், அப்புறம் பாரு!" என்பார் ஒருவர். "மூணு எதுக்கு? ரெண்டே போதும்" என்பார் மற்றவர். அமெரிக்க ரசிகர்களின் பேச்சும் இதேதான், மொழிதான் வேறு. ஆட்டக்காரர்களின் வயதைக் கூட்டி, வரப்போகும் ஆண்டுகளைப் பெருக்கி, இறுதியில் ஒரு கோப்பையை விடையாகக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்குக்கு நான் 'மூன்று வருஷக் கணக்கு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்பது என் கருத்து. 'இளம் அணி' என்ற சொல்லை ரசிகர்கள் நன்றாகவே ஆராய்கிறார்கள். 'சொந்தத் திடல்' என்ற சொல்லைத்தான் யாரும் ஆராய்வதில்லை. இதை விளக்க ஓர் அணியின் கதையைச் சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 22. ஓக்லஹோமா சிட்டி என்னும் நகரம். தண்டர் என்ற அவ்வூர் அணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியை எதிர்த்து ஆடியது. நாக்-அவுட் கட்டத்தின் முதல் சுற்று அது. ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடாது. ஏழு ஆட்டங்களில் எந்த அணி முதலில் நான்கை வெல்கிறதோ அதுவே மேலே செல்லும். முதல் இரண்டு ஆட்டங்களும் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தன. தண்டர் இரண்டிலும் தோற்றிருந்தது. மூன்றாவது ஆட்டந்தான் அந்நகரத்து அரங்கில் நடந்த முதல் நாக்-அவுட் ஆட்டம்.

தண்டர் அணியில் கெவின் டுரான்டுக்கு வயது 21. ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கும் 21. ஜேம்ஸ் ஹார்டனுக்கும் செர்ஜ் இபாக்காவுக்கும் 20. நம் கல்லூரியில் இருந்திருந்தால் இந்நால்வரும் அரியர் எழுதிக்கொண்டிருக்கும் வயது! எதிரே 31 வயதில், அனுபவத்தின் உச்சியில் கோபி பிரயன்ட். அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. தம் அணி முதல் புள்ளியைப் போடும்வரை கூட்டம் உட்காராது. டுரான்ட் 29 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 19 முறை கைப்பற்றினார். வெஸ்ட்புரூக் 27 புள்ளிகள். கடைசிக் கால்பகுதியில் பிரயன்டை மறிக்கும் பொறுப்பையும் டுரான்டே ஏற்றுக்கொண்டார். தண்டர் 101, லேக்கர்ஸ் 96.

அதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி ஆடிய முதல் 32 ஆட்டங்களில் 29-இல் தோற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய ஆரவாரம் விளங்கும். நான்காவது ஆட்டத்தில் 110-க்கு 89 என்று மறுபடியும் வென்றார்கள். ஆறாவது ஆட்டத்தில், அதே அரங்கில், அரை வினாடியே எஞ்சியிருக்கையில் பாவ் கசோல் திரும்பிய பந்தைத் தட்டிப் போட, 95-க்கு 94 என்று ஒரே புள்ளியில் தோற்று வெளியேறினார்கள். தோற்ற பிறகும் கூட்டம் கலையவில்லை. எழுந்து நின்று தம் பிள்ளைகளை வாழ்த்தியது. அந்தக் காட்சியின் படச்சுருளைப் பார்த்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அன்றிரவு அந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் மூன்று வருஷக் கணக்குப் போட்டிருப்பார்கள்!

கணக்கு முதலில் சரியாகத்தான் வந்தது. 2012-இல் தண்டர் இறுதிச்சுற்றுக்கே போய்விட்டது. ஜூன் 12 அன்று சொந்தத் திடலில் மயாமி அணியை முதல் ஆட்டத்தில் வென்றது. அதன்பின் தொடர்ந்து நான்கு தோல்விகள். 'பரவாயில்லை, பையன்களுக்கு 23 வயதுதானே' என்று ரசிகர்கள் தேற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஹார்டனை ஹியூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் கொடுத்தார்கள்? பொருளாதார மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். என்.பி.ஏ. எனப்படும் அந்தத் தேசியக் கழகத்தில் புதிய இளைஞர்களை அணிகள் 'டிராஃப்ட்' என்னும் முறையில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. சென்ற பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞனுக்கு முதல் சில ஆண்டுகளுக்கு என்ன சம்பளம் என்பது ஏறத்தாழ முன்பே வகுக்கப்பட்டது. அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது பெரிதாக உயராது. அந்தக் காலம் முடிந்தவுடன் சந்தை விலை கேட்கும் உரிமை அவனுக்கு வருகிறது. அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினாலோ, உரிமையாளர் கழகத்துக்கு வரி கட்டவேண்டும். இனி எண்ணிப் பாருங்கள். இளம் அணியின் இளமை என்பது பலம் மட்டுமன்று, ஒரு விலைச் சலுகையும் ஆகும். நால்வரும் ஒன்றாக வளர்ந்தால் நால்வரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விலையேறுவார்கள். அணி எந்த ஆண்டில் பழுக்க வேண்டுமோ அந்த ஆண்டிலேயே கூட்டைக் கலைக்கும் கட்டாயமும் வந்து நிற்கிறது. மூன்று வருஷக் கணக்குப் போடும் நம் நண்பர்கள் வயதைக் கூட்டுகிறார்கள். சம்பளத்தைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

ஹார்டன் சம்பளத்தில் உடன்பாடு ஏற்படாமல் போனார். 2016-இல் இபாக்காவையும் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு கோல்டன் ஸ்டேட் அணியை மூன்றுக்கு ஒன்று என்று முந்தியிருந்தும், பிந்தைய மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். அவற்றில் ஒன்று சொந்தத் திடலில். ஜூலை 4 அன்று டுரான்ட், தம்மைத் தோற்கடித்த அந்தக் கோல்டன் ஸ்டேட் அணிக்கே போவதாக அறிவித்தார். வெஸ்ட்புரூக் 2019-இல் போனார். 2014-இல் டுரான்ட், 2017-இல் வெஸ்ட்புரூக், 2018-இல் ஹார்டன் என மூவருமே அந்தந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர்கள். ஆக, 2010-இல் ரசிகர்கள் அந்த இளைஞர்களைப் பற்றிப் போட்ட மதிப்பீடு ஒரு துளியும் மிகையன்று. அவர்கள் நினைத்ததைவிடப் பெரியவர்களாகவே வளர்ந்தார்கள். ஆயினும் மூவரும் சேர்ந்து அந்த ஊருக்கு ஒரு கோப்பையும் கொண்டுவரவில்லை. மதிப்பெண் அத்தனையும் சரியாகப் போட்டும் கூட்டுத்தொகை தவறிய விடைத்தாள் இது!

அதற்காக டுரான்டைத் துரோகி என்று ஏசிய ரசிகர்களோடு நான் சேரமாட்டேன். ஒப்பந்தம் முடிந்தவன் வேறிடம் போவது அவன் உரிமை. அணி நினைத்தால் எந்த ஆட்டக்காரனையும் ஒரே பிற்பகலில் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். அதைத் துரோகம் என்று யாரும் சொல்வதில்லையே!

இதுவரை சொன்னது கதையின் பாதி. மறுபாதி இன்னொரு நகரத்தில் கிடக்கிறது.

2010-இல் ஓக்லஹோமா சிட்டி கொண்டாடிய அந்த அணி, அவ்வூருக்கு வந்து இரண்டே பருவங்கள்தாம் ஆகியிருந்தன. அதற்குமுன் 1967 முதல் 41 ஆண்டுகள் அது சியாட்டில் நகரத்தின் சூப்பர்சானிக்ஸ் அணி. 1979-இல் அந்நகரத்துக்குச் சாம்பியன் பட்டம் வென்று தந்த அணி. 2006-இல் அதன் உரிமையாளர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், நம் ஊர்களிலும் இன்று கடை திறந்திருக்கும் ஸ்டார்பக்ஸ் காப்பி நிறுவனத்தின் தலைவர், ஓக்லஹோமாவைச் சேர்ந்த கிளே பென்னட் என்பவரின் குழுவுக்கு அதை 35 கோடி டாலருக்கு விற்றார். புதிய உரிமையாளர்கள் பொதுப்பணத்தில் புதிய அரங்கம் கேட்டார்கள். சியாட்டில் வாக்காளர்களோ அதே ஆண்டு நவம்பரில், விளையாட்டு அணிகளுக்கு நகரத்தின் பணத்தை லாபமின்றித் தரக்கூடாது என்று பெரும்பான்மையாக வாக்களித்துவிட்டார்கள். ஓக்லஹோமா சிட்டி வாக்காளர்கள் 2008 மார்ச்சில் தம் அரங்கைப் புதுப்பிக்க ஒரு சதவீத விற்பனை வரிக்கு இணங்கினார்கள். பிறகு நடந்ததை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

2008 ஏப்ரல் 13. சியாட்டில் அணியின் அந்தப் பருவத்துக் கடைசி உள்ளூர் ஆட்டம். பருவம் முழுவதிலும் 82 ஆட்டங்களில் 20 வெற்றிதான். அணியின் வரலாற்றிலேயே மிக மோசமான ஆண்டு. அன்று வந்தவர்கள் டாலஸ் அணியினர். 99-க்கு 95 என்று சியாட்டில் வென்றது. களத்தில் 19 வயது நிரம்பிய ஓர் இளைஞன் இருந்தான். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது பின்னர் அவனுக்கே கிடைத்தது. ஆம், அதே கெவின் டுரான்ட்! 'எங்கள் சானிக்ஸைக் காப்பாற்றுங்கள்' என்று கூட்டம் முழங்க, அந்த இளைஞன் இரு கைகளையும் உயர்த்தி, இன்னும் உரக்க, இன்னும் உரக்க என்று அவர்களை எழுப்பினான்.

இளம் அணி, சொந்தத் திடல், வலிய எதிரி, நம்பிக்கை தரும் வெற்றி என மூன்று வருஷக் கணக்குக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தன. கணக்குப் போடத்தான் அவர்களுக்கு உரிமை இல்லை. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 18 அன்று, அணிகளின் உரிமையாளர்கள் கூடி, இடமாற்றத்துக்கு 28-க்கு 2 என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தார்கள். எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர், அன்று சியாட்டிலில் தோற்றுப்போன டாலஸ் அணியின் உரிமையாளர் மார்க் கியூபன். தோற்றவனுக்கு இருந்த இரக்கம் மற்றவர்களுக்கு இல்லை! ஜூலை 2-இல் நகரத்துடன் சமரசம் ஆயிற்று. சியாட்டிலுக்கு 4.5 கோடி டாலர் கிடைத்தது. 'சூப்பர்சானிக்ஸ்' என்ற பெயரும் நிறமும் அங்கேயே விடப்பட்டன. அணி போயிற்று. பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுத்த கதை இது.

சொந்தத் திடல் என்று எதைச் சொல்கிறோம்? நம் கல்லூரி அணி தோற்றாலும் வென்றாலும் அதை வேறு மாவட்டத்துக்கு யாரும் விற்கமுடியாது. தொழில்முறை அணி அப்படியன்று. அது ஒரு நிறுவனம். ரசிகன் நுழைவுச்சீட்டு வாங்குகிறான், சட்டை வாங்குகிறான், பல ஊர்களில் வரியும் கட்டுகிறான். ஒரு பங்குகூட அவன் பெயரில் இல்லை. ஆனால் வென்ற இரவில் 'நாம் வென்றோம்' என்று பன்மையில் பேசுகிறான். அந்தப் பன்மையை நான் கேலி செய்யவில்லை. உரிமையாளர்களுக்கு மிகப்பெரிய சொத்து அந்தப் பன்மைதான் என்பதையும், அதை அவர்கள் எடைபோட்டே வைத்திருக்கிறார்கள் என்பதையும் ரசிகன் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஓக்லஹோமா மக்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 1995-இல் குண்டுவெடிப்பில் 168 உயிர்களைப் பறிகொடுத்த நகரம் அது. அமெரிக்காவின் நான்கு பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் அந்த மாநிலத்துக்கென்று இருப்பது இந்த ஓர் அணிதான். புதிதாக வரும் ஆட்டக்காரர்களை அந்தக் குண்டுவெடிப்பு நினைவகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுவதை அணி ஒரு வழக்கமாக வைத்திருக்கிறது. அவர்களுடைய மகிழ்ச்சி கலப்படமற்றது. ஆனால் அதே மகிழ்ச்சி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஓர் ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து நட்டது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் நம்மில் பலருக்குப் பொறுமை இல்லை. உணவுக்கூடத்தில் நான் சியாட்டில் பேச்சை எடுத்தபோது, "நல்லா ஜெயிச்ச நாளில் ஏண்டா ஒப்பாரி?" என்று ஒரு நண்பர் என் வாயை அடைத்துவிட்டார்.

மூன்று வருஷக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினைந்து வருஷத்தில் பலித்தது. தண்டர் மறுபடி அடிமட்டத்துக்குப் போய், 2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸ் அணியிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்று, கழகத்தின் வரலாற்றிலேயே மிகப்பெரிய தோல்வி என்ற பெயரை எடுத்து, டிராஃப்ட் வரிசைகளைச் சேர்த்து, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் என்று வேறொரு இளைஞர் படையை உருவாக்கியது. 2025 ஜூன் 22 அன்று, இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், இண்டியானா அணியைச் சொந்தத் திடலில் 103-க்கு 91 என்று வென்று சாம்பியன் ஆயிற்று. 2010-இல் அந்தக் கூட்டத்தை எழுந்து நிற்கவைத்த ஆட்டக்காரர் ஒருவர்கூட அன்று அந்த அணியில் இல்லை. கூட்டத்தில் மட்டும் பழைய ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2023 டிசம்பரில், புதிய அரங்கம் ஒன்றுக்குக் குறைந்தது 90 கோடி டாலர் செலவிட அந்நகரத்தார் வாக்களித்திருந்தார்கள். உரிமையாளர்களின் பங்கு 5 கோடி. அதற்குக் கைமாறாக, அணி 2050 வரையாவது அங்கே இருக்கும் என்று வாக்கு. பொதுப்பணத்தில் இப்படிச் செலவிடுவது அந்த ஊருக்கு வருமானமாகத் திரும்பி வருவதில்லை என்பது பொருளியல் அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. நான் அதை ஏற்கிறேன். ஆனால், சியாட்டிலின் கதை தெரிந்த ஓர் ஊர், கண்ணைத் திறந்துகொண்டே அந்த விலையைக் கொடுத்தது என்றால், அதை ஏமாளித்தனம் என்று மட்டும் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விலை இன்னது என்று தெரிந்து வாங்குவது வேறு. வீடு நம்முடையது என்று நம்பிக்கொண்டே வாடகை கட்டுவது வேறு. என் நண்பர்களிடம் நான் கேட்பது அவ்வளவே. அடுத்த முறை ஏதோ ஓர் இளம் அணி வென்ற காலையில் வயதுகளைக் கூட்டுங்கள், தாராளமாகக் கூட்டுங்கள். கூடவே அந்த அரங்கின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

2018 அக்டோபர் 5 அன்று சியாட்டிலின் அந்தப் பழைய அரங்கில், இடித்துப் புதுப்பிக்கப்படுவதற்குச் சற்று முன்பு, ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. வந்திருந்த இரண்டு அணிகளும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. சியாட்டிலுக்கு இரண்டுமே அந்நியம். வெற்றி தோல்வி எந்தப் பட்டியலிலும் சேராது. ஆயினும் அரங்கம் நிறைந்திருந்தது. கோல்டன் ஸ்டேட் ஆட்டக்காரர்களின் பெயர்களை அழைத்தபோது, முப்பது வயதாகிவிட்ட டுரான்ட், சானிக்ஸின் பழைய வீரர் ஷான் கெம்ப்பின் சட்டையை அணிந்து வந்து நின்றார். கூட்டம் எழுந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் அங்கே ஆடியது ஒரே ஒரு பருவம்.